சங்கை உடைத்தவர் யார்?

வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' என்னும் ஆங்கில நாவலைப் படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்நாவல் எதைப் பற்றியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். ரால்ஃப் என்பவன் மக்களாட்சி. ஜாக் என்பவன் சர்வாதிகாரம். சங்கு சட்டத்தின் சின்னம். மூக்குக் கண்ணாடி அறிவின் சின்னம். தேர்வு வழிகாட்டிகள் வகுத்துத் தந்த இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால் பெரிய தீங்கில்லை. ஆனால் அதன் வாலில் ஒரு முடிவுரையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: மக்களாட்சி கேட்பதற்கு இனிது, ஆபத்து வந்தால் தாங்காது, பசித்தவனுக்கு இறைச்சியும் பயந்தவனுக்கு அதட்டலும் தருகிறவனே இறுதியில் தலைவனாகிறான், மனித இயல்பே அப்படி. இதைச் சொல்லுகிறவர்கள் வருத்தத்தோடு சொல்லுவதாகவே காட்டிக்கொள்கிறார்கள். ஆயினும் சிலருடைய குரலில் வருத்தத்தைக் காட்டிலும் ஒருவித நிம்மதிதான் மிகுதியாய் ஒலிக்கிறது.

அந்த முடிவுரை நாவலில் இல்லை என்பதே என் வழக்கு. கோல்டிங் காட்டும் தீவில் மக்களாட்சி மிகுந்துபோனதால் அழிவு வரவில்லை. அங்கே அது பாதியளவில் தொடங்கி, கால்வாசியளவில் நடந்து, தன்னிடம் இருந்த மிக எளியவனை எண்ணிப் பார்க்காமலேயே சாய்ந்தது. ஜாக்கின் வலிமை என்று நாம் வியக்கின்ற அந்த வலிமையோ, பக்கத்துக்குப் பக்கம் திருட்டினாலும் பொய்யினாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது.

நூலை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் பணிபுரிந்து, 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்திலும் பங்குகொண்டவர் கோல்டிங். பின்னர் சால்ஸ்பரி நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவாறே இந்நாவலை எழுதினார். பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பியனுப்பப்பட்ட பிரதியை ஃபேபர் நிறுவனத்தின் சார்லஸ் மான்டித் என்னும் பதிப்பாசிரியர் ஏற்றுச் செப்பம் செய்ய, 1954-இல் அது வெளிவந்தது. 1983-இல் ஆசிரியருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பின் பொருள் 'ஈக்களின் தலைவன்'. அரசர்கள் நூலில் எக்ரோன் நகரத்தாரின் தெய்வமாகவும், நற்செய்திகளில் பேய்களின் தலைவனாகவும் நாம் கேட்கிற அந்தப் பெயரை எபிரேயத்திலிருந்து பெயர்த்தால் கிடைப்பது இதுவே. கதையில் ஒரு போர் நடக்கிறது; இங்கிலாந்துச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம் தாக்கப்பட்டு, ஆளில்லாத வெப்பமண்டலத் தீவொன்றில் அவர்கள் விழுகிறார்கள். பெரியவர் ஒருவரும் பிழைக்கவில்லை. மூத்தவர்களுக்கு வயது பன்னிரண்டு, இளையவர்களுக்கு ஆறு. கனி இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, காட்டில் பன்றி இருக்கிறது. ஆளுகை ஒன்றுதான் அவர்களே செய்துகொள்ள வேண்டியது.

முதல் அதிகாரத்தில் நடக்கும் தேர்தலைப் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். கதை முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கிக் கிடக்கிறது. காயலில் கிடந்த சங்கைக் கண்டெடுத்தது ரால்ஃப். அதை ஊதும் விதம் தெரிந்தவனும், ஊதினால் எல்லாரையும் கூட்டலாம் என்று யோசனை சொன்னவனும் இன்னொரு சிறுவன்: பருத்த உடல், மூச்சிரைப்பு நோய், தடித்த கண்ணாடி, பிழை மலிந்த ஆங்கிலம். கடற்கரையில் பிள்ளைகள் கூடுகிறார்கள். கடைசியாக ஓர் அணி வருகிறது. கொளுத்தும் வெயிலில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு அங்கி அணிந்து, இரண்டிரண்டு பேராக அடியொற்றி நடந்து வருகிற பாடகர் குழு. அங்கியின் இடப்பக்க மார்பில் வெள்ளியில் நீண்ட சிலுவை. அவர்கள் தலைவன் ஜாக் மெரிடியூ. அவன் நிற்கச் சொல்லும்வரை ஒருவனும் நிற்கவில்லை. உட்காரச் சொல்லும்வரை ஒருவனும் உட்காரவில்லை. அந்த வெயிலிலேயே ஒரு சிறுவன் மயங்கி முகங்குப்புற விழுகிறான். அவன் பெயர் சைமன். அவன் அடிக்கடி இப்படி மயங்குபவன் என்று சொல்லி ஜாக் அதைத் தள்ளிவிடுகிறான்.

தலைவன் ஒருவன் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் தானே தலைவன் என்கிறான் ஜாக். அவன் காட்டுகின்ற தகுதிகள் மூன்று: பேராலயப் பாடகர் குழுவில் தலைமைப் பாடகன், பள்ளியில் மாணவர் தலைவன், உச்ச சுரத்தை எட்டிப் பாடக்கூடியவன். தீவில் பிழைப்பதற்கும் உச்ச சுரத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பே பதவியில் இருந்தவன் இனியும் பதவியில் இருக்கத் தக்கவன் என்னும் நம்பிக்கை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. எனினும் வாக்கெடுப்பு நடக்கிறது. பாடகர் குழு முழுவதும் ஜாக்குக்குக் கை தூக்குகிறது. சோர்ந்துபோன கீழ்ப்படிதலோடு தூக்குகிறது என்று கோல்டிங் குறிப்பிடுகிறார். மற்றவர்களின் கை ரால்ஃபுக்கு உயர்கிறது. ஏன் அவனுக்கு? அவன் உருவம் பெரிது, முகம் கவர்ச்சியானது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கு அவன் மடியில் இருக்கிறது. அதுவரை அங்கே வெளிப்பட்ட அறிவெல்லாம் கண்ணாடிச் சிறுவனுடையது என்பதை ஆசிரியரே சொல்லிவிடுகிறார். ஆனால் அவனைத் தலைவனாக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை, ரால்ஃப் உட்பட.

தேர்தலுக்குச் சற்று முன்பு நடந்தது இன்னும் முக்கியம். பள்ளியில் தன்னைப் 'பிக்கி' என்று கேலி செய்வார்கள், பன்றிக்குட்டி என்று பொருள்படும் அந்தப் பெயர் மட்டும் இங்கே வேண்டாம் என்று அவன் ரால்ஃபிடம் தனியே கெஞ்சியிருந்தான். கூட்டத்தில் ஜாக் அவனைத் 'தடியன்' என்று அழைத்ததும் ரால்ஃப் உற்சாகமாக எழுந்து, அவன் பெயர் பிக்கி என்று அறிவித்துவிடுகிறான். கடற்கரை முழுவதும் சிரிக்கிறது. ஒருவரையொருவர் அறியாத சிறுவர்கள் அந்தச் சிரிப்பில்தான் முதன்முதலாக ஒரு சமூகமாகிறார்கள். ஒருவன் மட்டும் வெளியே நிற்கிறான். அவனுடைய உண்மைப் பெயரை அன்று ரால்ஃப் கேட்கவில்லை, பின்னரும் கேட்கவில்லை. நாவலின் கடைசிப் பக்கம் வரை அது நமக்கும் தெரியாது. பன்றிகளை வேட்டையாடப் போகும் ஒரு தீவில் பன்றிக்குட்டி என்ற பெயர் ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவன் மக்களாட்சியின் தலைவன். சர்வாதிகாரி அங்கே வெறுமனே சிரித்தவர்களில் ஒருவன்.

வாக்கில் தோற்ற ஜாக்கின் முகம் அவமானத்தால் சிவக்கிறது. அதைக் கண்டதும் ரால்ஃபின் உள்ளம் இளகுகிறது. ஏதாவது கொடுத்து ஆறுதல் செய்ய வேண்டும் என்று துடித்து, பாடகர் குழு உன்னுடையதே என்று கையளித்துவிடுகிறான். அவர்கள் என்னவாக இருக்கலாம் என்ற கேள்விக்கு, படையாக இருக்கலாம், வேட்டைக்காரர்களாக இருக்கலாம் என்று விடைகள் வருகின்றன. ஜாக் வேட்டையைத் தேர்ந்துகொள்கிறான். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டும் விமரிசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை. யாருடைய கையில் எதைக் கொடுக்கிறோம் என்று சபையைக் கேட்காமல், தீவில் ஈட்டி பிடிக்கக்கூடிய ஒரே அணியை, ஒரு தனியாளின் மனத்தாங்கலைத் தீர்ப்பதற்காக, நிலையாக அவனுக்கே எழுதிக் கொடுத்த செயல் அது. பிக்கியின் அவமானத்துக்கு ரால்ஃப் தந்த ஈடு, 'தடியன்' என்பதைவிடப் 'பிக்கி' மேலல்லவா என்ற ஒரு சமாதானம். ஜாக்கின் அவமானத்துக்குத் தந்த ஈடு ஒரு படை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள், மக்களாட்சி எந்த நாளில் தோற்கத் தொடங்கியது என்று தேட வேண்டியதில்லை.

இனிச் சங்கு. அதைக் கையில் ஏந்தியவனே பேசலாம். ஏந்தியவன் பேசும்போது தலைவனைத் தவிர வேறொருவரும் குறுக்கிடலாகாது. இவ்வளவு எளிய விதி இவ்வளவு ஆழமான நீதியைச் சுமக்க முடியும் என்பது வியப்புக்குரியது. ஆறு வயதுக் குழந்தையும் சங்கைப் பிடித்தால் பன்னிரண்டு வயதுக்காரன் வாய் மூட வேண்டும். விதிகள் வேண்டும், அவற்றை மீறுவோரைத் தண்டிக்க வேண்டும், நாம் காட்டுமிராண்டிகள் அல்லர் என்று முதன்முதலாக ஆர்ப்பரித்தவன் யார் தெரியுமா? ஜாக். விதிகளை அவன் அவ்வளவு விரும்பியது தண்டிக்கும் வாய்ப்புக்காக என்பது பின்னால் விளங்குகிறது. பிக்கி சங்கைப் பிடித்தபோதெல்லாம் அவனே குறுக்கிட்டான். மலையுச்சியில் சங்கு செல்லாது என்று அன்றே ஒரு புது விதியைத் தானாகச் செய்துகொண்டான். ரால்ஃப் அதைக் கண்டித்தானா என்றால், தெளிவாகக் கண்டிக்கவில்லை. உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது ஏட்டில் இருந்தது. பிக்கி பேசினால் சிரிப்பதும் சீறுவதும் வழக்கத்தில் இருந்தது.

முதல் நாளிலேயே அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. புகை எழுப்பினால் கப்பல் காணும் என்று ரால்ஃப் சொன்னவுடன் கூட்டம் கலைந்து மலைக்கு ஓடுகிறது. பிக்கியின் கண்ணாடியைப் பறித்து வெயிலைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள். (கிட்டப்பார்வைக்கான கண்ணாடி வெயிலைக் குவிக்காது, பரப்பவே செய்யும் என்று இயற்பியல் ஆசிரியர்கள் கோல்டிங்கைப் பிடித்துக்கொள்வதுண்டு. அவர்கள் சொல்வது சரியே, கதைக்காகப் பொறுத்துக்கொள்வோம்.) தீ கட்டுமீறிக் காட்டின் ஒரு பகுதியை விழுங்குகிறது. அப்போது பிக்கி ஒரு கேள்வி கேட்கிறான்: சின்னஞ்சிறார்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, எவரிடம் கணக்கு இருக்கிறது? கணக்கெடுக்கச் சொல்லியிருந்தது அவனைத்தான். தன்னந்தனியாய் எப்படி எடுப்பது, எல்லாரும் சிதறி ஓடினால் யாரை எண்ணுவது என்கிறான். முகத்தில் பெரிய மச்சமுடைய ஒரு சிறுபிள்ளை, சற்று முன்பு சபையில் பாம்பு போன்ற ஒன்றைக் கண்டதாக நடுங்கிச் சொன்ன அதே பிள்ளை, இப்போது எங்கே? விடையில்லை. அந்தப் பிள்ளை மறுபடியும் கதையில் வருவதில்லை. அவனுக்கும் பெயரில்லை. அதற்குப் பிறகும் கணக்கெடுக்கப்படவில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. ஒருவனைத் தீ தின்ற பின்னும், தலைவன் தன் மக்களை ஒருமுறை வரிசையில் நிறுத்தி எண்ணவில்லை.

ரால்ஃபின் நற்பண்புகளை நான் மறைக்கவில்லை. குடில் கட்டத் தீர்மானித்தபோது கை தூக்கியவர்கள் எல்லாரும் குளிக்கப் போய்விட, அவனும் சைமனுமே மிஞ்சி நின்று தழைகளைக் கட்டுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டைகளில் குடிநீர் நிறைத்து வைப்பது, மலங்கழிப்பதற்கென்று அலை கழுவும் பாறைகளை ஒதுக்குவது, இரவில் அழும் சிறாருக்கு ஒரு கூரை வேண்டுமென்பது ஆகியவற்றைச் சிந்திக்கிறவன் அவனே. எவரையும் அவன் அடித்து வேலை வாங்கவில்லை. ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில் கூடுகிற சபையைப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின், முகம் தெரியாத இருளில் அவன் கூட்டத்தைக் கூட்டுகிறான். கடமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான், நன்றாகவே பேசுகிறான். பிறகு, நம்மைப் பிடித்திருக்கும் பயத்தையும் பேசித் தீர்த்துவிடுவோம் என்று வாயில் திறந்துவிடுகிறான். பேச்சு விலங்கிலிருந்து கடற்பூதத்துக்கும், கடற்பூதத்திலிருந்து பேய்க்கும் வழுக்குகிறது. விலங்கு என்று ஒன்று இருந்தால் அது நாமாகவே இருக்கலாமோ என்று சைமன் திக்கித் திணறிச் சொல்லும்போது சபை நகைத்து அவனை உட்கார வைக்கிறது. இறுதியில் ரால்ஃப் என்ன செய்கிறான்? பேய் உண்டா இல்லையா என்பதை வாக்குக்கு விடுகிறான். இருளில் கைகள் உயர்கின்றன.

சர்வாதிகாரத்தை விரும்புகிறவர்கள் இந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, இதுதான் உங்கள் மக்களாட்சி என்பார்கள். பெரும்பான்மை என்பது யார் தலைவர், எந்த வேலையை முதலில் செய்வது என்பனவற்றைத் தீர்மானிக்கும் கருவி. உள்ளதை இல்லாததாக்கவும் இல்லாததை உள்ளதாக்கவும் அதனால் ஆகாது. மலையில் இருந்த பொருளைப் பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்ப்பதே அன்று செய்யத்தக்கதாக இருந்தது. பின்னால் ஒருவன் போய்ப் பார்த்தான். பார்த்ததைச் சொல்ல வந்தவனைக் கொன்றார்கள். அதற்கு வருவேன்.

முதலில் ஜாக்கின் வலிமையைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். வேட்டைச் சுவையில் அவன் ஆட்கள் தீயைக் காவாமல் விட்ட அன்று, தொலைவில் ஒரு கப்பல் புகை காணாமல் கடந்து போகிறது. தவற்றைச் சுட்டிய பிக்கியை அவன் வயிற்றில் குத்தி, தலையில் அறைந்து, கண்ணாடியின் ஒரு வில்லையை உடைக்கிறான். பிறகு இறைச்சி பங்கிடுகையில் பிக்கிக்கு மட்டும் இல்லை என்கிறான். தன் பங்கைச் சைமன் பிக்கியிடம் தள்ளிவிட, ஜாக் வெகுண்டு இன்னொரு துண்டை வெட்டிச் சைமனின் காலடியில் எறிகிறான். வேண்டாமென்று மறுக்க நினைத்திருந்த ரால்ஃபும் வாசனைக்குத் தோற்று உண்கிறான். இறைச்சி கொடுத்ததால் ஜாக்கை வள்ளல் என்பாரும் உண்டு. உண்டவன் ஒவ்வொருவனும் தனக்குக் கடன்பட்டவன் என்று அறிவிக்கிற வள்ளன்மை அது. அரசன் வேண்டுமென்று இஸ்ரயேலர் அடம்பிடித்தபோது, அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் மந்தைகளையும் எடுத்துக்கொள்வான், நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்று சாமுவேல் எச்சரித்தது நமக்குத் தெரிந்த கதை. ஜாக் எடுத்துக்கொள்ளத் தொடங்கும் முன் கொஞ்சம் கொடுக்கத் தெரிந்தவன், அவ்வளவே வேறுபாடு.

எட்டாம் அதிகாரம் அவனைத் தோலுரிக்கிறது. ஜாக்கே சங்கை ஊதிச் சபையைக் கூட்டுகிறான். ரால்ஃப் கோழை என்கிறான். தலைவனாயிருக்கத் தகாதவன் என்கிறான். அவன் வேண்டாமென்போர் கை தூக்குங்கள் என்கிறான். ஒரு கையும் உயரவில்லை. மறுபடி கேட்கிறான். மறுபடியும் இல்லை. இத்தனை பயத்துக்கும் இத்தனை குழப்பத்துக்கும் இடையிலும், வெளிச்சத்தில், எல்லார் கண் முன்னிலையில் கேட்கப்பட்டபோது, அந்தப் பிள்ளைகள் மக்களாட்சியைக் கைவிடவில்லை. இந்த உண்மையை வழிகாட்டி நூல்கள் ஏன் அழுத்திச் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஜாக் கண்ணீர் மல்க, இனி உங்களோடு விளையாடமாட்டேன் என்று காட்டுக்குள் போய்விடுகிறான். பெரிய பையன்கள் அவனிடம் சேர்ந்தது பின்னர்தான். ஒருவர் பின் ஒருவராக, அறிவிக்காமல், நழுவிப் போனார்கள். ஆக, தீவில் நடந்த இரு வாக்கெடுப்புகளிலும் ஜாக் தோற்றான். மக்கள் சர்வாதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இந்த நாவலைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் முதன்மையானது.

சேர்ந்தவர்களுக்கு அவன் என்ன தந்தான்? வில்ஃபிரெட் என்ற சிறுவனைக் கட்டிவைத்து அடிக்கப் போகிறார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. தலைவன் கோபமாயிருக்கிறான் என்பது போதுமான காரணமாகிவிட்டது. இறைச்சி சுடத் தீ வேண்டும். தீ மூட்டும் திறன் அந்த வலிய தலைவனிடம் இல்லை. இரவில் வந்து குடிலைச் சூறையாடிப் பிக்கியின் கண்ணாடியைத் திருடிப் போகிறான். சங்கை அவன் தொடவில்லை. அதன் பயன் அவனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்கு அந்த விலங்கு தேவைப்பட்டது. விலங்கு மாறுவேடத்தில் வரும், அதைக் கொல்ல முடியாது, படையல் வைத்து அமைதிப்படுத்தலாம், வாயிலில் காவல் நிற்க வேண்டும் என்று அவன் சட்டம் பேசுகிறான். விலங்கு செத்துவிட்டால் காவல் எதற்கு, காவல் இல்லையென்றால் தலைவன் எதற்கு? அரசியல் நூல்கள் பல அதிகாரங்களில் விளக்குவதைக் கோல்டிங் பன்னிரண்டு வயதுப் பையன் வாயில் வைத்துவிட்டார்.

உண்மையில் அந்த விலங்கு, வானில் சுடப்பட்டு மலையில் விழுந்து, பாரசூட் கயிறுகளில் சிக்கிக் காற்றில் அசைந்துகொண்டிருந்த ஒரு விமானியின் பிணம். இதைத் தனியே ஏறிச் சென்று கண்டவன் சைமன். கயிற்றை அவிழ்த்துப் பிணத்துக்கு விடுதலை கொடுத்தவனும் அவனே. அஞ்ச வேண்டாமென்று சொல்வதற்காக இறங்கி வருகிறான். கீழே விருந்து நடக்கிறது. புயல் நெருங்க, ஜாக் ஆடச் சொல்ல, வட்டம் சுழல, இருளிலிருந்து தவழ்ந்து வந்தவனை விலங்கென்று குத்திக் கொல்கிறார்கள். பாடகர் குழுவில் மயங்கி விழுந்த அதே சிறுவன். அவனைக் குத்தியவர்களுள் முன்பு அவனோடு சிலுவை தரித்த அங்கியில் வரிசையாய் நின்றவர்களும் இருந்தார்கள். ஆலயப் பாடகர்களை அவமதிக்க ஆசிரியர் இப்படி எழுதினார் என்று எண்ணிக் கோபப்படுகிற பக்தர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சொன்னால் நிற்கவும் சொன்னால் உட்காரவும் சொன்னால் கை தூக்கவும் பழக்கப்பட்ட அணி, சொன்னால் குத்தவும் செய்யும் என்றே அவர் காட்டுகிறார். கீழ்ப்படிதலை நாம் புண்ணியம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். யாருக்கு, எதில், எந்த எல்லை வரை என்பதையும் சேர்த்துக் கற்பிக்கிறோமா?

அந்த வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தார்கள். இடி மின்னலுக்கு அஞ்சி, அந்த வெறியாட்டத்தின் ஓரத்தில் ஒரு பாதுகாப்பைத் தேடிச் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் ரால்ஃப் அதைக் கொலை என்ற பெயராலேயே சொல்கிறான். மழுப்பப் பார்க்கிறவன் பிக்கி. இரட்டையர்களான சாமும் எரிக்கும் நாங்கள் முன்னரே போய்விட்டோம் என்று பொய் சொல்கிறார்கள். ஜாக்கின் கோட்டையிலும் அதே மறுப்பு. இரு தலைமைகளுக்கும் வேறுபாடே இல்லையா என்றால், இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம், செய்ததைத் தன் பெயரால் அழைக்கத் துணிந்த ஒருவன் தலைவனாக இருக்கிறான். மறுபக்கம், கொல்லப்பட்டது விலங்கே என்றும் அது சாகவில்லை என்றும் தலைவனே சாதிக்கிறான்.

மனித இயல்பு என்ற வாதத்துக்கும் ஒரு சொல். சமூகத்தின் குறைகளுக்கு வேர் மனித இயல்பின் குறைகளில் இருக்கிறது என்பதே தம் நூலின் கருத்து என்று கோல்டிங் கூறியிருக்கிறார். ஆர். எம். பாலன்டைன் 'பவளத் தீவு' என்ற கதையில் வரைந்த மாசற்ற ஆங்கிலச் சிறுவர்களான ரால்ஃபையும் ஜாக்கையும் பெயரோடு கடன் வாங்கி, தீமை அயலாரிடம்தான் இருக்கிறது என்ற விக்டோரியக் காலப் பெருமிதத்தை அவர் உடைத்தார். அதற்காக அவருக்கு நன்றி. பிறவிப் பாவத்தை நம்புகிற நாமும் அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் வேர் இயல்பில் இருக்கிறது என்பதிலிருந்து சாட்டை ஒருவன் கையில் இருக்க வேண்டும் என்பது எப்படிப் பெறப்படும்? எல்லாரும் குறையுடையவர்கள் என்றால், சாட்டை பிடித்தவனும் குறையுடையவனே. அவனைக் கேள்வி கேட்கச் சங்கு முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

கற்பனைக்கு எதிரே ஒரு நிகழ்ச்சியையும் வைக்கலாம். 1965-இல் டோங்கா நாட்டின் தலைநகர் நுக்குஅலோபாவில் ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளியின் மாணவர்கள் ஆறு பேர், பள்ளி வாழ்க்கை சலித்து, ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு கடலோடினார்கள். புயலில் பாயும் சுக்கானும் போக, எட்டு நாள் அலைந்து அட்டா என்னும் ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டுபிடித்தபோது பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. இருவர் இருவராய் முறைவைத்துத் தோட்டத்திலும் சமையலிலும் காவலிலும் உழைத்தார்கள். தாங்கள் மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை மூண்டால், சினந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறியபின் வந்து சேர வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் பங்கு வேலையையும் தாங்களே பார்த்தார்கள். எலும்பு செவ்வையாகக் கூடியது. நாளைப் பாட்டோடும் செபத்தோடும் தொடங்கி முடித்தார்கள். அவர்கள் ஆறே பேர், முன்பே நண்பர்கள், சற்று வயதில் மூத்தவர்கள் என்பது உண்மையே. அதனால் இந்நிகழ்ச்சி கோல்டிங்கைப் பொய்யாக்கிவிடாது. இயல்பு இப்படித்தான் போகும், வேறு வழியில்லை என்று அடித்துப் பேசுகிறவர்களை மட்டும் சற்று நேரம் பேச்சற்றிருக்கச் செய்யும்.

நாவலின் முடிவுக்கு வருவோம். கண்ணாடியைத் திருப்பிக் கேட்கக் கையில் சங்கோடு கோட்டைப் பாறைக்குப் போன பிக்கியின்மேல் மேலிருந்து ரோஜர் பெரும்பாறையை நெம்பித் தள்ளுகிறான். பிக்கி சாகிறான், சங்கு தூள்தூளாகிறது. பாறையைத் தள்ளிய கை ரோஜருடையது. அதைத் தள்ளலாம் என்ற துணிவைத் தந்தது ஜாக்கின் ஆட்சி. அந்த ஆட்சிக்கு ஆள் கொடுத்தது முதல் நாள் பிற்பகலில் ரால்ஃப் வழங்கிய பரிசு. பிறகு, ஒரே ஒருவனைப் பிடிப்பதற்காக ஜாக் தீவையே கொளுத்துகிறான். தங்களுக்குச் சோறிட்ட கனிமரங்கள் எரிகின்றனவே, நாளை எதைத் தின்பார்கள் என்ற நினைவு, உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும் ரால்ஃபுக்கு வருகிறது. வேட்டையாடும் தலைவனுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் புகையைக் கண்டு ஒரு போர்க்கப்பலின் அதிகாரி கரையிறங்குகிறார். இங்கே தலைவன் யார் என்று கேட்கிறார். நான்தான் என்று ரால்ஃப் உரக்கச் சொல்கிறான். செந்நிறத் தலைமுடியின்மேல் கறுப்புத் தொப்பியின் மிச்சத்தையும், இடுப்பில் உடைந்த மூக்குக் கண்ணாடியையும் அணிந்த ஒரு சிறு பையன் முன்னே வர எத்தனித்து, மனம் மாறி, அசையாமல் நின்றுவிடுகிறான். தீவையே நடுங்க வைத்த ஜாக்கைக் கோல்டிங் அவ்வளவு சிறியவனாக்கிவிடுகிறார். அவன் பெயரைக்கூட அங்கே சொல்லவில்லை.

அடுத்து அதிகாரி இன்னொன்றும் கேட்கிறார். நீங்கள் மொத்தம் எத்தனை பேர்? இல்லை ஐயா என்கிறான் ரால்ஃப். அவனுக்குத் தெரியவில்லை.